மண்டைக்குள் மெல்லச் சேரும் ரத்தம்

என் பெரியம்மாவுக்கு வயது 72. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பழைய ஓட்டு வீடு. மார்கழி என்றில்லை, வருஷம் முழுக்க விடிந்ததும் வாசலில் புள்ளிக்கோலம் போடுவார். ஒரு நாள் காலையில் நான் போனபோது கோலத்தின் வலது பாதி எப்போதும்போல இருந்தது. இடது ஓரத்தில் ஏழெட்டுப் புள்ளிகள் கோடு சேராமல் அப்படியே கிடந்தன.

"என்ன பெரியம்மா, பாதியில விட்டுட்டீங்க?"

"முழுசாத்தானடி போட்டிருக்கேன்" என்றார், கோலத்தைப் பார்த்துக்கொண்டே.

அப்புறம் இரண்டு பேரும் பால் வாங்கக் கடைக்கு நடந்தோம். இடது கால் செருப்பு ரோட்டிலேயே கழன்று நின்றுவிட்டது. அவர் பாட்டுக்கு வெறுங்காலோடு பத்தடி போய்விட்டார். நான் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் குனிந்து காலைப் பார்த்தார்.

நான் புதுச்சேரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் சிடி எடுக்கும் டெக்னீஷியன். மண்டைக்குள் இருப்பதைத் தினமும் படமாகப் பார்க்கிறவள். அப்படியிருந்தும், "வயசாச்சு, ராத்திரி தூக்கமில்ல" என்று வீட்டில் சொன்னதை நானும் ஒரு வாரம் நம்பினேன். அதற்குப் பிறகுதான், தலையில் எங்காவது இடித்துக்கொண்டாரா என்று கேட்கத் தோன்றியது. அண்ணி யோசித்து யோசித்துச் சொன்னார்: ஐந்து வாரத்துக்கு முன்னால் குனியாமல் பின்கட்டுக்குப் போய், நிலையின் மேல்கட்டையில் நெற்றியை இடித்துக்கொண்டாராம். வீங்கக்கூட இல்லை. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தச் சின்ன இடிதான் காரணம். மூளையைச் சுற்றி ரத்தம் மெல்ல மெல்லச் சேர்ந்திருந்தது. டாக்டர்கள் இதை க்ரானிக் சப்டியூரல் ஹெமட்டோமா என்பார்கள். நாள்பட்ட ரத்தக்கட்டு என்று வைத்துக்கொள்ளலாம். இது எப்படி உண்டாகிறது, மண்டைக்குள் இருக்கும் அழுத்தத்தையும் மூளையின் ரத்த ஓட்டத்தையும் என்ன செய்கிறது என்பதைப் புதிதாகக் கேட்கிறவருக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

ரத்தம் எங்கே சேர்கிறது?

"மூளையில் ரத்தம் கட்டியிருக்கு" என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். பக்கவாதத்தில் சில சமயம் மூளைச் சதைக்குள்ளேயே ரத்தம் கசியும். நான் சொல்லும் ரத்தம் மூளைக்கு வெளியே, அதன் உறைகளுக்கு நடுவில் சேர்வது. மூளைக்கு மூன்று உறைகள். மண்டை ஓட்டின் உள்பக்கத்தை ஒட்டியிருப்பது தடித்த, தோல் போன்ற டியூரா. அதற்குக் கீழே சிலந்தி வலை மாதிரி மெல்லிய சவ்வு. அதற்கும் கீழே மூளையோடு ஒட்டிய மிக மெல்லிய சவ்வு. இந்தக் கடைசி இரண்டு சவ்வுகளுக்கும் நடுவில் தெளிந்த நீர் ஓடுகிறது. மூளை நீர் என்று அதைச் சொல்கிறேன். டியூராவுக்கும் சிலந்தி வலைச் சவ்வுக்கும் நடுவில்தான் நம் ரத்தம் போய்ப் படுத்துக்கொள்கிறது.

அங்கே ரத்தம் எப்படி வரும்? மூளையின் மேற்பரப்பிலிருந்து டியூராவுக்குள் இருக்கும் பெரிய வடிகாலுக்குச் சின்னச் சின்னச் சிரைகள் (ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்கள்) பாலம் போலத் தாண்டிப் போகின்றன. இளம் வயதில் மூளை மண்டையோட்டை நிறைத்துக்கொண்டிருப்பதால் அந்தப் பாலங்கள் குட்டையாக, தளர்வாக இருக்கும். 60 வயதுக்கு மேல் மூளை ஆண்டுக்கு ஏறத்தாழ அரை சதவீதம் சுருங்குகிறது. பச்சை வேர்க்கடலையில் பருப்பு தோட்டை அடைத்துக்கொண்டிருக்கும். காய்ந்த கடலையைக் காதருகே ஆட்டினால் உள்ளே கடகடவென்று உருளும், இல்லையா? வயதான மூளை அவ்வளவு ஆடாது, ஆனாலும் கொஞ்சம் ஆடும். சிரைகள் இழுபட்டு நிற்கும். அந்த நிலையில் ஒரு சின்ன இடி, படியில் ஒரு தடுமாற்றம், பைக் பின்சீட்டிலிருந்து ஒரு சறுக்கல் போதும், ஒரு சிரை கிழிந்துவிடும். பலருக்கு இடித்துக்கொண்ட நினைவே இருக்காது. பெரியம்மா இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுத்துக்கொண்டிருந்தார். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எதுவானாலும் கசிவு சுலபமாகிவிடும். பல வருஷக் குடிப்பழக்கமும் அப்படித்தான். மூளையைச் சுருக்கும், கல்லீரல் கெட்டால் ரத்தம் உறைவதும் குறையும், விழுவதும் அடிக்கடி நடக்கும்.

நின்ற ரத்தம் ஏன் வளர்கிறது?

இந்த நோயிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்த பகுதி இது. சிரையில் அழுத்தம் குறைவு என்பதால் முதல் கசிவு சில கரண்டியோடு நின்றுவிடும். கையில் அடிபட்டுக் கன்றிப்போனால் இரண்டு வாரத்தில் மறைகிற மாதிரி இதுவும் மறைய வேண்டியதுதானே? பலருக்கு மறையவும் செய்கிறது. சிலருக்குத்தான் உடம்பின் ஆற்றும் வேலையே வினையாகிவிடுகிறது.

வரக்கூடாத இடத்துக்கு வந்த ரத்தத்தைப் பார்த்து டியூராவின் உள்பக்கச் செல்கள் விழித்துக்கொள்கின்றன. ஓரிரு வாரத்தில் அந்த ரத்தத்தைச் சுற்றி ஒரு புதுச் சவ்வு படர்கிறது. புண் ஆறும்போது புது ரத்தக் குழாய்கள் முளைப்பது போல இந்தச் சவ்விலும் முளைக்கும். அவை அவசரத்தில் கட்டிய குழாய்கள், சுவர் பலமில்லாதவை. அதனால் கசியும். கசிந்த ரத்தம் அழற்சியை, அதாவது அடிபட்ட இடம் சிவந்து வீங்குவது போன்ற எதிர்வினையைத் தூண்டும், அழற்சி இன்னும் குழாய்களை முளைக்க வைக்கும். உறைந்ததைக் கரைக்கும் பொருள்களும் அங்கே நிறைய சுரப்பதால் கசிவை அடைக்க ஒரு கட்டி உருவாகி நிற்பதே இல்லை. கெட்டியாக இருந்தது கரைந்து கறுத்த திரவமாகிறது. கசிவு, கரைவு, மறுபடி கசிவு. வாரக்கணக்கில் இப்படியே போகும்.

ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ இந்தச் சவ்வைப் பார்த்து, இது அடிபட்டதால் வந்ததே இல்லை, உறையின் அழற்சி நோய் என்று 1857இல் எழுதினார். பிற்பாடு அடிதான் காரணம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். இன்று இரண்டும் சேர்ந்துதான் என்று தெரிகிறது. தொடங்கி வைப்பது அடி, வளர்த்து விடுவது அழற்சி. மூன்று வாரம் தாண்டினால் நாள்பட்டது என்பது வழக்கமான கணக்கு.

எட்டு மணி பஸ்

இனி அழுத்தம். தினமும் காலையில் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் போகிறவள் நான். அந்த பஸ்ஸையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், இதைவிடப் பொருத்தமாக ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை.

மண்டையோடு ஒரு பஸ். தகரக் கூண்டு, ஆள் கூடினால் பெரிதாகாது. உள்ளே மூன்று கூட்டம். சீட்டில் உட்கார்ந்திருப்பது மூளை, சுமார் 1300 முதல் 1400 கிராம். நடுவில் நிற்பது ரத்தம். படிக்கட்டில் நிற்பது மூளை நீர். ரத்தமும் நீரும் ஒவ்வொன்றும் 100 முதல் 150 மில்லி இருக்கும். இந்த மூன்றின் மொத்தக் கொள்ளளவு மாறாது, ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்தாக வேண்டும். ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் மன்ரோ 1783இல் இந்த எண்ணத்தைச் சொன்னார், ஜார்ஜ் கெல்லி 1824இல் அதை வலுப்படுத்தினார். இருவர் பெயரையும் சேர்த்து மன்ரோ–கெல்லி கோட்பாடு என்கிறார்கள்.

இப்போது நான்காவதாக ஒரு கூட்டம் ஏறுகிறது, கசிந்த ரத்தம். ரெட்டிச்சாவடியில் இரண்டு பேர் ஏறினால் படிக்கட்டில் நின்றவர்கள் இறங்கி வழிவிடுவார்கள். மூளை நீர் அப்படித்தான் முதலில் முதுகுத்தண்டு பக்கம் இறங்கிக்கொள்ளும், சிரைகளுக்குள்ளும் உறிஞ்சப்படும். கிருமாம்பாக்கத்தில் மூன்று பேர் ஏறினால் நடுவில் நிற்பவர்கள் நெருங்கிக்கொள்வார்கள். மெல்லிய சுவருள்ள சிரைகள் நசுங்கி அதிலிருக்கும் ரத்தம் வெளியே போகும். இதுவரை யாருக்கும் பெரிய சிரமமில்லை. அழுத்தத்தை அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தால் முள் லேசாக அசைந்திருக்கும், அவ்வளவுதான்.

தவளக்குப்பத்தில் இன்னும் ஒரே ஒரு ஆள் ஏறுகிறார். அவர் ஏறியதும் மூச்சு விட முடியாது. முன்னால் ஏறிய ஐந்து பேரால் வராத நெருக்கடி இந்த ஒருவரால் வந்துவிடுகிறது. மண்டைக்குள் அழுத்தம் ஏறுவதும் இப்படித்தான். வெகு தூரம் சமதரையாகப் போய்க் கடைசியில் செங்குத்தாக ஏறும். நேற்றுவரை எழுந்து நடமாடிய மனுஷர் இன்று காலையில் எழுப்பினாலும் எழாமல் கிடப்பதற்குக் காரணம் இதுதான். நேற்று ராத்திரி புதிதாக ஏறியது ஒரு கரண்டி ரத்தமாக இருக்கலாம்.

விபத்தில் தலை அடிபட்டு ஒரே மணி நேரத்தில் கட்டும் ரத்தம், முப்பது பேர் ஒரே ஸ்டாப்பில் முண்டியடித்து ஏறுவது போல. யாருக்கும் நகர நேரமில்லை. நாள்பட்ட கசிவில் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒருவர் ஏறுகிறார். அதோடு வயதானவரின் பஸ் ஞாயிற்றுக்கிழமை பஸ், சீட்டே பாதி காலி. அதனால்தான் 100 மில்லிக்கு மேல் ரத்தம் சேர்ந்த பிறகும் ஒருவர் நடந்து வந்து ஸ்கேன் மேஜையில் தானே படுத்துக்கொள்கிறார். நான் பலமுறை பார்த்திருக்கிறேன். படத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும், அவரோ "ரொம்ப நேரம் ஆகுமாம்மா, டீ குடிக்கணும்" என்பார்.

மேல்தொட்டியும் கீழ்த்தொட்டியும்

அழுத்தம் ஏறினால் என்ன கெட்டுவிடும்? ரத்த ஓட்டம் கெடும். மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, கீழே ஒரு தொட்டி, நடுவில் குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் தண்ணீரை ஓட வைக்கிறது. கீழ்த்தொட்டியைத் தூக்கத் தூக்க ஓட்டம் குறையும். மூளைக்கு மேல்தொட்டி நம் ரத்த அழுத்தம். கீழ்த்தொட்டி மண்டைக்குள் இருக்கும் அழுத்தம்.

கணக்கு சுலபம். 120க்கு 80 என்று பிரஷர் இருப்பவருக்குச் சராசரி ஏறக்குறைய 93. (கீழ் எண்ணோடு, இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும்.) படுத்திருக்கும் பெரியவருக்கு மண்டைக்குள் அழுத்தம் அதே அளவுகோலில் சாதாரணமாக 7 முதல் 15. பத்து என்று வைத்தால் 93இல் 10 போக 83. இந்த 83தான் மூளைக்குள் ரத்தத்தைத் தள்ளும் விசை. மண்டைக்குள் அழுத்தம் 35 ஆனால் மிஞ்சுவது 58. இது போதாது. மண்டைக்குள் அழுத்தம் 20ஐத் தாண்டும்போதே டாக்டர்கள் கவலைப்படத் தொடங்குவது இதனால்தான்.

மூளை உடம்பின் எடையில் 2 சதவீதம். ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் சுமார் 15 சதவீதம் அதற்குப் போகிறது, நிமிஷத்துக்கு முக்கால் லிட்டர். 100 கிராம் மூளைக்கு நிமிஷத்துக்கு 50 மில்லி என்பது சராசரி. அது 20க்கு அருகே இறங்கினால் நரம்புச் செல்கள் வேலையை நிறுத்தும், உயிர் இருக்கும். 10க்குக் கீழே போனால் சாகத் தொடங்கும். வேலை நின்றுபோவதற்கும் செத்துப்போவதற்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியம்மா பிழைத்து எழுந்தது அந்த இடைவெளியில்தான்.

மூளை சும்மா இருப்பதில்லை. விசை குறைந்தால், ரத்தத்தை உள்ளே கொண்டுவரும் தன் தமனிகளை விரித்து ஓட்டத்தைச் சரிக்கட்டும். நல்ல உடம்பில் சராசரி ரத்த அழுத்தம் 60 முதல் 150 வரை எங்கிருந்தாலும் மூளையின் ஓட்டம் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும் என்பது பாடப் புத்தகக் கணக்கு. இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. விரிந்த குழாய்க்குள் அதிக ரத்தம் நிற்கும். அதாவது பஸ்ஸுக்குள் நிற்பவர் கூட்டம் கூடும். நெரிசல் இன்னும் ஏறும்.

எல்லாம் கைமீறும்போது உடம்பு மேல்தொட்டியை உயர்த்திப் பார்க்கிறது. ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும், நாடித் துடிப்பு குறையும், மூச்சு ஒழுங்கு தப்பும். அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1901இல் இதை விளக்கி எழுதினார். இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். தலையில் அடிபட்ட பெரியவர் மந்தமாகிக்கொண்டே போகிறார், வீட்டு மெஷினில் பிரஷர் 190 காட்டுகிறது என்றால் கூடுதலாக ஒரு பிரஷர் மாத்திரையைப் போட்டுப் படுக்க வைக்காதீர்கள். அந்த 190தான் மூளைக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கும் விசையாக இருக்கலாம். 108ஐக் கூப்பிடுங்கள்.

அழுத்தம் ஏறாமலே ஓட்டம் குறைவது

இதுவரை சொன்னது எல்லா மண்டை நெரிசலுக்கும் பொருந்தும். நாள்பட்ட ரத்தக்கட்டில் இன்னொரு விஷயம் உண்டு. பலருக்கு, முக்கியமாக வயதானவர்களுக்கு, மண்டைக்குள் மொத்த அழுத்தம் பெரிதாக ஏறியே இருக்காது. சாதாரண அளவிலோ கொஞ்சம் கூடவோதான் இருக்கும். காலி சீட் இருக்கிறதே. ஆனாலும் கை கால் பலவீனம் வருகிறது, பேச்சு தடுமாறுகிறது, ஆள் மாறிப்போகிறார். அழுத்தம் ஏறாதபோது இதெல்லாம் எப்படி?

ரத்தக்கட்டு மூளையின் ஒரு பக்கத்தின் மேல் பிறை நிலா வடிவில் படுத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை உள்ளே தள்ளுகிறது. ஈரப் பஞ்சை ஒரு ஓரத்தில் உள்ளங்கையால் அமுக்கினால் அந்த ஓரத்துத் துளைகள் மூடிக்கொள்ளும். அதுபோலக் கட்டுக்கு நேர்கீழே இருக்கும் மூளைப் பரப்பில் நுண்ணிய குழாய்கள் நெருக்கப்படுகின்றன. ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகள் முதலில் நசுங்கும். வடிகால் அடைத்தால் வாய்க்காலில் புதுத் தண்ணீர் வராது. மூளையின் ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன்களில் கட்டு இருக்கும் பக்கம் ஓட்டம் குறைந்திருப்பதைப் பல மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். மேற்பரப்பில் மட்டுமில்லை, மூளை நடுக்கோட்டைத் தாண்டித் தள்ளப்படுவதால் ஆழத்தில் இருக்கும் தலாமஸ் போன்ற பகுதிகளிலும் குறைகிறது. சிலருக்குக் கட்டு இல்லாத எதிர்ப்பக்கத்திலும் குறைகிறது. தலாமஸ் விழிப்புக்கும் கவனத்துக்கும் சம்பந்தப்பட்ட இடம். "அம்மா எப்பப் பாத்தாலும் தூங்கிட்டே இருக்காங்க" என்று பிள்ளைகள் சொல்வதில் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது.

பெரியம்மாவுக்குக் கட்டு வலது பக்கம். வலது மூளை இடது கை காலை இயக்குகிறது, அதனால் செருப்பு கழன்றது. இடது பக்க உலகத்தைக் கவனிப்பதும் பெரும்பாலும் அதன் வேலை, அதனால் கோலத்தின் இடது ஓரம் அவருக்கு இல்லாமலே போனது. கண் நன்றாகத்தான் தெரிந்தது. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை கோலம் முழுசாகத்தான் இருந்தது.

இளைஞர்களுக்கு இந்த நோய் வந்தால் படம் வேறு. காலி சீட் இல்லாததால் அழுத்தம் சீக்கிரம் ஏறும், தலைவலியும் வாந்தியும் முதலில் வரும். வயதானவர்களுக்குத் தலைவலி இல்லாமலே மறதி, குழப்பம், தள்ளாட்டம் என்று தொடங்கும். அதனால்தான் மறதி நோய் என்றும் மனச்சோர்வு என்றும் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொரு குழப்பம், அறிகுறிகள் ஏறி இறங்கும். காலையில் குழறிய பேச்சு மத்தியானம் சரியாகிவிடும். ஓட்டம் விளிம்பில் நிற்கும்போது கொஞ்சம் கூடக் குறைய ஆனாலும் செல்கள் அணைந்து அணைந்து எரிகின்றன. எரிச்சலுற்ற மூளைப் பரப்பில் மின் அலை பரவி ஓய்வதாலும் இப்படி நடக்கலாம் என்கிறார்கள். "இப்ப நல்லாத்தானே இருக்காங்க" என்று மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடும் வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். மறதி நோய் மெல்ல மெல்ல, வருஷக்கணக்கில் வரும். மூன்று நான்கு வாரத்தில் ஆளே மாறிப்போனால் அது வயசு இல்லை, தேடிப் பார்க்க வேண்டிய காரணம்.

படத்தில் தெரிவது

என் வேலை என்பதால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். சிடி படத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0. மூளைக்கு 30 முதல் 40. புதிதாக உறைந்த ரத்தத்துக்கு 60, 70. எண் கூடக்கூட வெள்ளை. எனவே புது ரத்தம் மூளையைவிட வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். நாளாக ஆக உடைந்து கரைந்து எண் இறங்கும். மூன்று வாரத்துக்கு மேல் மூளையைவிடக் கறுப்பாகிவிடும். நடுவில், இரண்டாவது மூன்றாவது வாரத்தில், மூளையும் ரத்தமும் ஒரே சாம்பல் நிறத்தில் நிற்கும் சில நாட்கள் உண்டு. அந்த நாட்களில் எடுத்த படம் ஏமாற்றும். மூளையின் மடிப்புகள் மண்டையோட்டை ஒட்டி வராமல் உள்ளே தள்ளி நிற்பதும், நடுக்கோடு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதும்தான் அப்போது காட்டிக்கொடுக்கும். இரண்டு பக்கமும் சமமாகக் கட்டியிருந்தால் நடுக்கோடும் சாயாது. எல்லாம் நேராக, அழகாக இருப்பது போலத் தோன்றும். வயதானவர் படத்தில் மடிப்புகள் வாலிபர் மூளை மாதிரி நெருக்கமாகத் தெரிந்தால் நான் நின்று இரண்டாவது முறை பார்ப்பேன். அந்த வயதில் அவ்வளவு நெருக்கம் வரக் கூடாது.

பெரியம்மாவின் படத்தில் சந்தேகமே இல்லை. வலது பக்கம் 21 மில்லிமீட்டர் தடிமனில் கறுத்த பிறை, அடியில் தேங்கிய வண்டல் போலக் கொஞ்சம் வெள்ளை; பழைய கசிவுக்குள் புதுக் கசிவு. நடுக்கோடு 9 மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. படம் திரையில் ஏறும்போது என் கை குளிர்ந்துபோனது. அறிக்கை எழுதும் டாக்டரைக் கூப்பிட்டேன்.

துளை, குழாய், காத்திருப்பு

மெல்லிய கட்டு, அறிகுறி இல்லை என்றால் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே காத்திருப்பார்கள். அறிகுறி இருந்தால் வடிப்பதுதான் வழி. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருப்பதால் கடலூர், விழுப்புரம் பக்கத்துக்காரர்களுக்கு நரம்பியல் அறுவை எட்டாத தூரத்தில் இல்லை. தனியார் மருத்துவமனைகளும் செய்கின்றன. மண்டையோட்டில் ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னதாக ஒன்றோ இரண்டோ துளை போடுவார்கள். முழு மயக்கத்துக்கு உடல்நிலை இடம் கொடுக்காதவர்களுக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடித்துவிடலாம். டியூராவைத் திறந்ததும் பழைய இன்ஜின் ஆயில் மாதிரி கறுத்த திரவம் வரும். முதலில் அழுத்தத்தோடு, பிறகு சொட்டாக.

அதை மெதுவாக வடிக்க வேண்டும். பல வாரம் நசுங்கிக் கிடந்த குழாய்கள் ரத்தத்தைக் கட்டுப்படுத்தும் பழக்கத்தை இழந்திருக்கும். சட்டென்று இடம் கிடைத்தால் ரத்தம் வெள்ளமாகப் பாய்ந்து, அபூர்வமாக, மூளைக்குள்ளேயே கசியலாம். காய்ந்த வாய்க்காலில் மதகை முழுக்கத் திறக்க மாட்டோமே, அதுபோலத்தான்.

வடித்த பிறகு ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு ஒன்றிரண்டு நாள் வைப்பார்கள். இந்தக் குழாய் தேவையா என்று வெகுநாள் விவாதம் நடந்தது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு அதை முடித்து வைத்தது. குழாய் வைக்காதவர்களில் 24 சதவீதம் பேருக்குக் கட்டு திரும்பி வந்து மறுபடி அறுவை செய்ய வேண்டியிருந்தது. வைத்தவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். திரும்பி வரக் காரணம், மேலே சொன்ன சவ்வு. ரத்தத்தை எடுத்தாலும் சவ்வும் அதன் கசியும் குழாய்களும் அங்கேயே இருக்கின்றன. வயதான மூளை உடனே விரிந்து இடத்தை நிரப்புவதும் இல்லை.

அழற்சிதானே, ஸ்டீராய்டு கொடுத்தால் அடங்காதா என்று கேட்கலாம். பிரிட்டனில் டெக்ஸாமெத்தசோன் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது. மறு அறுவை குறைந்தது, ஆனால் ஆறு மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்களும் குறைந்திருந்தார்கள், பக்கவிளைவுகள் கூடின. புதிய வழி, சவ்வுக்கு ரத்தம் கொடுக்கும் தமனியையே அடைப்பது. அந்தத் தமனி டியூராவில் ஓடுகிறது. தொடை அல்லது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு அதை அடைத்துவிட்டால் சவ்வு வாடிவிடும். 2024இல் வந்த ஓர் ஆய்வில், அறுவையோடு இதையும் செய்தவர்களில் 4 சதவீதம் பேருக்கு 90 நாளுக்குள் மறு அறுவை தேவைப்பட்டது. அறுவை மட்டும் செய்தவர்களில் 11 சதவீதம். பயிரை அழிக்காமல் வாய்க்காலை அடைக்கும் வேலை இது. எனக்கு இதில் நிறைய நம்பிக்கை இருக்கிறது, ஆனால் எல்லா ஊரிலும் செய்ய வசதி வர நாளாகும்.

பெரியம்மாவுக்குத் துளை போட்டு வடித்தார்கள், குழாய் வைத்தார்கள். அன்று சாயங்காலம் நர்ஸ் "இடது கையைத் தூக்குங்க பாட்டி" என்றதும் தூக்கினார். பக்கத்தில் நின்ற அண்ணன் அழுதுவிட்டார். வேலையை நிறுத்தியிருந்த செல்களுக்கு ரத்தம் திரும்பியிருந்தது. எல்லோருக்கும் ஒரே நாளில் திரும்புவதில்லை. சிலருக்கு வாரங்கள் ஆகும், சிலருக்கு முழுசாகத் திரும்பாது. எவ்வளவு சீக்கிரம் வடிக்கிறார்கள், வயது என்ன, வேறு என்ன நோய் இருக்கிறது என்பதையெல்லாம் பொறுத்தது அது.

வீடு திரும்பியதும் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி ஆஸ்பிரினைப் பற்றித்தான். மாத்திரையால்தான் இப்படி ஆனது என்று பயந்து ஒட்டுமொத்தமாக நிறுத்தப் பார்த்தார். அப்படித் தானாக நிறுத்தினால் இதயத்தில் வைத்த ஸ்டென்ட் அடைக்கலாம். தானாகத் தொடங்கினால் மறுபடி கசியலாம். இப்போது நிறுத்தி வைத்திருக்கும் மாத்திரையை மறுபடி எப்போது தொடங்குவது என்று தலை டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவு செய்கிறார்கள். இதுவரை தேதி சொல்லவில்லை.

ஆறாவது வாரம் ஸ்கேனுக்கு என் சென்டருக்கே வந்தார். மேஜையில் படுக்க வைத்து, தலைக்கு இரண்டு பக்கமும் மெத்தை வைத்துப் பட்டையைக் கட்டினேன். நடுக்கோடு நேராகியிருந்தது. வலது பக்கம் இன்னும் 5 மில்லிமீட்டரில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. அது கரைய மூன்று மாதம்கூட ஆகலாம், அதுவரை தலைவலியோ தள்ளாட்டமோ வந்தால் உடனே வாருங்கள் என்றார் டாக்டர். அந்தச் சனிக்கிழமை அண்ணன் தச்சரை வரச்சொல்லிப் பின்கட்டு நிலையின் மேல்கட்டையில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி, மேலே துணி சுற்றி, நான்கு ஆணி அடித்து வைத்தார்.